செம்பு குரோமைட்டுக்கு மாற்று: பேட்டண்ட்களில் எப்படித்தான் தேடுவது?

தாமிரம்29 எழுதியது:

வணக்கம். நான் கரிம வேதியியல்காரன். கேட்டலிஸ்ட் (வினையூக்கி) செய்பவன் இல்லை, வாங்கிக் கொட்டி உபயோகிப்பவன். கொழுப்பு அமில மெத்தில் எஸ்டரை (பன்னிரண்டு, பதினான்கு கார்பன் நீளம்) ஹைட்ரஜனேற்றி ஆல்கஹால் ஆக்குவது என் வேலை. இத்தனை வருடமும் செம்பும் குரோமியமும் கலந்த செம்பு குரோமைட் என்ற கேட்டலிஸ்டைப் போட்டு ஓட்டினோம். இப்போது குரோமியம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. தீர்ந்துபோன கேட்டலிஸ்டை அப்புறப்படுத்துவதே பெரிய தலைவலி. "குரோமியம் இல்லாத வினையூக்கிகள் என்னென்ன இருக்கின்றன, இலக்கியத்தில் தேடி இரண்டு வாரத்தில் சொல்" என்று உத்தரவு. இரவில் உட்கார்ந்து இலக்கியம் தேடுகிறேன் என்று வீட்டில் சொன்னால், அகநானூறா புறநானூறா என்று கேட்கிறார்கள்.

கூகுள் பேட்டண்ட்ஸில் செம்பு குரோமைட், மாற்று, ஹைட்ரஜனேற்றம் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. ஹைட்ரஜனேற்றத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் ராக்கெட் எரிபொருள், கறுப்புப் பெயிண்ட் எல்லாம் வருகிறது! பிறகு புத்திசாலித்தனமாகக் "குரோமியம் வேண்டாம்" என்று கழித்தல் குறி போட்டுத் தேடினேன். பட்டியல் சுருங்கியது, ஆனால் உருப்படியாக ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் போனால் வேறு தொல்லை. செம்பு-சிலிக்கா பற்றி ஏகப்பட்ட கட்டுரைகள், ஆனால் முக்கால்வாசி டைமெத்தில் ஆக்சலேட்டிலிருந்து எத்திலின் கிளைக்கால் செய்வது பற்றி. அது என் நீண்ட சங்கிலி எஸ்டருக்குப் பொருந்துமா என்று யாரும் சொல்வதில்லை.

என்னிடம் இருப்பது 500 மில்லி ஆட்டோகிளேவ் (அழுத்தக் கலன்), 100 பாருக்கு மேல் போகக் கூடாது. சைஃபைண்டர், ரியாக்சிஸ் போன்ற வேதியியல் தகவல் தளங்களுக்குச் சந்தா கிடையாது. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? பேட்டண்டில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்? எப்போது தேடலை நிறுத்துவது?

பழையவடிகட்டி எழுதியது:

கழித்தல் குறியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. குரோமியம் இல்லாத கேட்டலிஸ்டுக்குப் பேட்டண்ட் எழுதுபவர் முதல் பக்கத்திலேயே என்ன எழுதுவார்? "இதுவரை செம்பு குரோமைட் பயன்பட்டு வந்தது, குரோமியம் நச்சு, ஆகவே..." என்றுதான். நீங்கள் தேடுகிற ஆவணத்தில்தான் குரோமியம் என்ற சொல் அதிகமாக இருக்கும். அதைக் கழித்தால் வேண்டியதையே வடிகட்டிக் குப்பையில் போட்டது போல. பேட்டண்ட் தேடலில் "இல்லாமல்" என்ற கட்டளையை நான் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை.

அடுத்தது, பெயர் சொல்லித் தேடுவது. பேட்டண்ட் எழுதுபவர் பொருளை அதன் பெயரால் கூப்பிட மாட்டார், அவர் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. நிக்கல் என்று எழுதினால் நிக்கல் மட்டும்தான் அவருக்குச் சொந்தம். பழைய கணக்கில் "எட்டாம் தொகுதி உலோகம்" என்று எழுதினால் இரும்பிலிருந்து பிளாட்டினம் வரை ஒன்பது உலோகம் கைக்குள். இதில் ஒரு பள்ளம் வேறு. தொகுதிகளுக்கு 1 முதல் 18 வரை எண் போடும் வழக்கம் வருவதற்கு முன் அமெரிக்கர்கள் ஒரு மாதிரியும் ஐரோப்பியர்கள் வேறு மாதிரியும் ஏ, பி போட்டார்கள். "நான்காம் பி தொகுதி" என்றால் ஒருவருக்கு டைட்டானியம், இன்னொருவருக்கு சிலிக்கானும் ஈயமும். எந்த அட்டவணையைப் பின்பற்றினோம் என்று ஆவணத்தில் எங்காவது ஒரு வரி இருக்கும். அதைப் பார்க்காமல் மேற்கொண்டு படிக்காதீர்கள்.

நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரேனி நிக்கல் பற்றி ஒரு முழுத் தேடல் செய்து கொடுத்தேன். ரேனி என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் போட்டேன். அறிக்கை போய் மூன்று வாரத்தில் எதிர்த்தரப்பு ஓர் ஆவணத்தை நீட்டியது. அச்சு அசல் அதே பொருள், ஆனால் ரேனி என்ற சொல் ஒரு வரியில்கூட இல்லை. "எலும்புக்கூட்டு நிக்கல்" என்று இருந்தது. ரேனி என்பது வணிகக் குறி, அதனால் போட்டிக்காரர்கள் எலும்புக்கூடு, பஞ்சு, கிளர்வூட்டிய நிக்கல் என்று சுற்றி வளைத்து எழுதுவார்கள். மர்ரி ரேனி அந்த நிக்கல்-அலுமினியக் கலவைக்குப் பேட்டண்ட் வாங்கியது 1927-இல். காரத்தில் ஊறப்போட்டு அலுமினியத்தைக் கரைத்தெடுத்தால் ஓட்டை ஓட்டையாக மிஞ்சுகிற நிக்கல் அது, ஆக எலும்புக்கூடு என்பது பொருத்தமான பெயர்தான். எனக்குத்தான் அன்று தோன்றவில்லை. ஆனால் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும், பேட்டண்ட் அலுவலகங்கள் பொருள்வாரியாக எண் போடும் வகைப்பாட்டில் அது பி01ஜே 25/02-இல்தான் போய் உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணைப் போட்டிருந்தால் எனக்கு அந்த அவமானம் இல்லை.

அதனால் சொல்லை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள். கேட்டலிஸ்டுகளின் வீடு பி01ஜே. உங்களுக்கு அதில் 23: 23/72 செம்பு, 23/80 செம்போடு துத்தநாகம், 23/86 குரோமியத்தோடு செம்போ இரும்பு வகை உலோகமோ. இது ஒரு வாசல். கேட்டலிஸ்ட் விற்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாக வருவார்கள்.

இன்னொரு வாசலை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஆல்கஹால் விற்கிறவர்கள் கேட்டலிஸ்டைப் பற்றி அல்ல, செய்முறையைப் பற்றிப் பேட்டண்ட் எழுதுவார்கள். அது சி07சி 29/149-க்குப் போகும்: கார்பாக்சிலிக் அமிலத்தையோ அதன் எஸ்டரையோ ஹைட்ரஜனால் ஒடுக்கி ஆல்கஹால் செய்வது. ராக்கெட்டும் பெயிண்டும் இந்த வாசலில் நுழையாது. முதலில் 23/72-உம் 29/149-உம் இரண்டும் உள்ள ஆவணங்களை எடுங்கள். அதைப் படித்து முடித்த பிறகு 29/149-ஐ மட்டும் தனியாக, செம்பு என்ற சொல்லோடு. அப்புறம் 23/86-இல் உள்ள பழசுகள்.

பழசு என்று ஒதுக்காதீர்கள். உங்கள் செம்பு குரோமைட்டை ஹோமர் ஆட்கின்ஸ் எஸ்டர் மேல் பிரயோகித்துக் கட்டுரை வெளியிட்டது 1931-இல். தயாரிக்கும் முறை ஆர்கானிக் சிந்தசிஸ் தொகுதியில் இருக்கிறது, இணையத்தில் இலவசம். பேரியம் எதற்குப் போடுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு வந்த மாற்றுகளில் பேரியம், மாங்கனீசு என்று பார்க்கும்போது அவை என்ன வேலைக்கு வந்திருக்கின்றன என்று புரியும். ஜெர்மன் ஆவணங்களைத் தொட்டால் "கொன்டாக்ட்" என்ற சொல்லையும் பாருங்கள். அவர்களுக்கு அதுவும் கேட்டலிஸ்ட்தான்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். உரிமைக்கோரிக்கையை (எதெல்லாம் தனக்குச் சொந்தம் என்று கேட்கும் பகுதி) நம்பாதீர்கள், எடுத்துக்காட்டைப் படியுங்கள். கோரிக்கையில் "செம்பு 10 முதல் 80 விழுக்காடு, விரும்பத்தக்கது 20 முதல் 60, மேலும் விரும்பத்தக்கது 30 முதல் 50" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே போவார்கள். எடுத்துக்காட்டு 1-ஐத் திறந்தால் 42 என்று ஒரே எண் இருக்கும். ஆய்வகத்தில் உண்மையில் செய்தது அது. அந்த எண் உலோகத்துக்கா ஆக்சைடுக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பேட்டண்டில் இன்னொரு சங்கதி: வினைச்சொல்லின் காலம். செய்து பார்க்காமல் கற்பனையாக எழுதும் எடுத்துக்காட்டை இறந்தகாலத்தில் எழுதக் கூடாது என்பது அங்கே விதி. "சூடாக்கப்பட்டது" என்றால் செய்திருக்கிறார்கள், "சூடாக்கப்படுகிறது" என்றால் சந்தேகப்படுங்கள். வேறு மொழியிலிருந்து இயந்திரம் பெயர்த்த ஆவணத்தில் இந்தச் சோதனை பலிக்காது, இயந்திரம் காலத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

எல்லாவற்றையும் விட, ஒப்பீட்டு எடுத்துக்காட்டுகள். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் அம்மோனியாவுக்கு வினையூக்கி தேடியபோது 1912 வாக்கில் சுமார் 2500 பொருள்கள், 6500 சோதனைகள் ஆகியிருந்தன என்று சொல்வார்கள். ஜெயித்தது இரும்பு, கூடவே கொஞ்சம் அலுமினா, பொட்டாஷ். நமக்குத் தெரிவது அந்த ஒன்றுதான். தோற்றதையெல்லாம் யாரும் கட்டுரையாக எழுதுவதில்லை. தோல்வியைக் காசு செலவழித்து அச்சடிப்பவர் பேட்டண்ட்காரர் ஒருவர்தான், தன் சரக்கு உசத்தி என்று காட்டுவதற்காக. நான் அந்த அட்டவணையிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். துத்தநாகம் சேர்த்தால் என்ன கெட்டது, சோடியம் கழுவாமல் விட்டால் என்ன ஆனது, மெழுகு எஸ்டர் எவ்வளவு மிஞ்சியது, ஆல்கஹாலைத் தாண்டி ஆல்கேன் வரை எவ்வளவு போனது, எல்லாம் அங்கே இருக்கும்.

நிறுத்துவது எப்போது என்றால், புதிதாகத் திறக்கிற ஆவணம் மேற்கோள் காட்டுவதெல்லாம் ஏற்கெனவே உங்கள் பட்டியலில் இருக்கும்போது. இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் மூடிவிட்டு ஆட்டோகிளேவைத் திறங்கள்.

நூலகப்பூனை எழுதியது:

மேலே சொன்னதற்கு மறுப்பில்லை, கருவிகள் பற்றிக் கொஞ்சம்.

எஸ்பாசுநெட் (ஐரோப்பியப் பேட்டண்ட் அலுவலகத்தின் தேடல் தளம்) இலவசம். வகைப்பாட்டு எண்ணைப் போட்டு அதன் பின்னால் சாய்கோடும் "லோ" என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் அதற்குக் கீழ் உள்ள உட்பிரிவுகளையும் சேர்த்தே தேடும். இதைப் போடாமல் 23/70 என்று மட்டும் அடித்தால் அதன் கீழே 23/72, 23/80-இல் இருப்பது வராது. ஒவ்வொரு ஆவணத்திலும் "குடும்பம்" என்ற பகுதியைப் பாருங்கள். ஒரே கண்டுபிடிப்பு ஏழெட்டு நாட்டில் ஏழெட்டு எண்ணில் இருக்கும். சீன மொழியில் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் ஆங்கிலத்தில் ஓர் உடன்பிறப்பு இருக்கிறதா என்று பார்த்தால் அரை நாள் மிச்சம்.

பேட்டண்ட் அலுவலகத் தேர்வாளரின் தேடல் அறிக்கையையும் விடாதீர்கள். அதில் எக்ஸ் என்று குறித்த ஆவணம் தனியாகவே அந்தக் கண்டுபிடிப்பைக் கவிழ்க்கக்கூடியது, ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்ந்து, ஏ என்றால் வெறும் பின்னணி. அனுபவமுள்ள ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த தேடல் அது. நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

பேட்டண்ட்ஸ்கோப் (உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் தளம்) இருக்கிறதே, அதில் மூலக்கூறு வரைந்து தேடும் வசதி இருக்கிறது. உங்களுக்கு அது உதவாது. ஈந்தணைவியோடு (உலோகத்தோடு பிணைந்த மூலக்கூறு) இருக்கும் கரையும் வினையூக்கி என்றால், அதாவது பி01ஜே 31 சமாச்சாரம் என்றால், வரைந்து தேடலாம். செம்பு ஆக்சைடும் அலுமினாவும் கலந்த கறுப்புப் பொடிக்கு என்ன படம் வரைவீர்கள்? சந்தா உள்ள இடத்தில் ஒரு நாள் உட்கார முடிந்தால் (பல பல்கலைக்கழக நூலகங்களில் வெளியாளை அனுமதிப்பார்கள், கேட்டுப் பாருங்கள்) எஸ்டரையும் ஆல்கஹாலையும் வினையாக வரைந்து, வினையூக்கியை மட்டும் காலியாக விட்டுத் தேடுங்கள். ஒரு பொருள் அந்த ஆவணத்தில் என்ன வேடத்தில் வருகிறது என்று சைஃபைண்டரை நடத்தும் சிஏஎஸ்-இன் பதிவில் குறித்திருப்பார்கள். செம்பை "வினையூக்கி" வேடத்தில் மட்டும் கேட்கலாம், பெயிண்ட் தானாக விலகிவிடும்.

சீன ஆவணங்களின் இயந்திர மொழிபெயர்ப்பில் "வெக்டர்" என்று வந்தால் பயப்படாதீர்கள். சீனத்தில் தாங்கிக்கும் (உலோகத்தைச் சுமக்கும் அடிப்பொருள்) மரபணு வெக்டருக்கும் ஒரே சொல். "செம்பை வெக்டரில் ஏற்றினோம்" என்று படித்துவிட்டு நான் ஒரு நிமிடம் உயிரித் தொழில்நுட்பத்துக்குள் வந்துவிட்டேனோ என்று விழித்திருக்கிறேன்.

ஜப்பானியருக்குத் தனி வகைப்பாடு உண்டு. அவர்களுடைய தேடல் தளமான ஜே-பிளாட்பாட்டில் வினையூக்கிகளின் தலைப்பு எண் 4ஜி169. நம் வகைப்பாட்டை விட நுணுக்கமாகப் பிரித்திருப்பார்கள்.

பழைய வழிகாட்டிகளில் துளை, பரப்பளவு பற்றியதெல்லாம் பி01ஜே 35/10-இல் என்று போட்டிருக்கும். 2024-இல் அதை 35/60-க்கும் அதன் கீழேயும் மாற்றிவிட்டார்கள். பழைய எண்ணில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பாதீர்கள். கடைசியாக, பேட்டண்ட் விண்ணப்பம் பொதுவாக முதல் தாக்கலிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். கடந்த ஒன்றரை வருடம் யாருக்கும் தெரியாது. அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள், பின்னால் உங்கள் தலை உருளாது.

அரைவேக்காடு எழுதியது:

இவ்வளவு எதற்கு, ஏஐ-யிடம் கேட்டால் போதாதா என்று நானும் போன மாதம் கேட்டேன். ஆறு பேட்டண்ட் எண் கொடுத்தது. ஒன்று காலணி அடிப்பாகம், ஒன்று அச்சு இயந்திரம், மூன்று இல்லவே இல்லை. ஆறாவது மட்டும் சரியாக இருந்தது. அதனால்தான் மற்ற ஐந்தையும் நம்பித் தேடி ஒரு மதியம் போச்சு. இணைச்சொற்கள் கேட்க மட்டும் உபயோகியுங்கள். தாங்கிக்கு எத்தனை பெயர் என்று கேட்டால் நன்றாகவே சொல்கிறது.

தாமிரம்29 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன்.

இரண்டு வாசலும் சேர்ந்த இடத்தில் குடும்பங்களாகச் சுருக்கியபின் 200 சொச்சம் வந்தது. தலைப்பு பார்த்து 60, படித்தது 38. ராக்கெட் ஒன்றுகூட இல்லை. மூன்று கோஷ்டியாகப் பிரிகிறது: செம்பு-துத்தநாகம், செம்பு-இரும்பு-அலுமினியம், சிலிக்கா மேல் செம்பு. மாங்கனீசும் பேரியமும் ஊறுகாய் மாதிரி எல்லாவற்றிலும் ஓரமாக இருக்கின்றன.

ஒன்றை எதிர்பார்க்கவில்லை. எடுத்துக்காட்டுகளை எல்லாம் வரிசைப்படுத்தி அழுத்தத்தை மட்டும் ஒரு பத்தியில் எழுதினேன். 200 பார், 250 பார், 250, 280. என் 100 பாருக்குள் வருபவை விரல் விட்டு எண்ணலாம். அவற்றிலும் பாதி ஆவி நிலையில் நிலைப்படுகையில் (அசையாத கேட்டலிஸ்ட் அடுக்கின் வழியே) ஓட்டியவை, என் ஆட்டோகிளேவில் நடக்காது. ஆக, எந்த உலோகம் என்று கேட்டு அனுப்பினார்கள், எந்தப் பாத்திரம் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னதும் மேலே கொஞ்சம் முகம் சுருங்கியது. ஆனால் அட்டவணையைக் காட்டியதும் பேச்சில்லை.

ஒன்றே ஒன்று மனதுக்குப் பிடித்திருக்கிறது. செம்பு-இரும்பு-அலுமினியம், பொடி, 90 பார், நேரம் மட்டும் கூடுதல். பழையவடிகட்டி ஐயா சொன்னபடி ஒப்பீட்டு எடுத்துக்காட்டிலிருந்துதான் படித்தேன். அதே நிலைமையில் கடையில் வாங்கிய செம்பு குரோமைட்டை விட இவர்களுடையது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் என்று இருக்கிறது. நான் செம்பு குரோமைட்டோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியவன், அது அவ்வளவு மோசம் இல்லையே என்று உறுத்துகிறது. எதற்கும் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று.

பழையவடிகட்டி எழுதியது:

நல்ல உறுத்தல். அந்த ஒப்பீட்டு எடுத்துக்காட்டின் முதல் வரிக்குப் போங்கள். செம்பு குரோமைட் எத்தனை கிராம் போட்டார்கள்? தங்களுடையது எத்தனை கிராம்? எடைக்கு எடையா, செம்புக்குச் செம்பா? கூடவே, இரண்டையும் முன்கூட்டி ஹைட்ரஜனில் ஒடுக்கினார்களா, இல்லை தங்களுடையதை மட்டுமா?

தாமிரம்29 எழுதியது:

பார்த்தேன் ஐயா. எடை இரண்டும் ஒன்றுதான், 5 கிராம். தங்களுடையதை 200 டிகிரியில் நான்கு மணி நேரம் ஒடுக்கியிருக்கிறார்கள். செம்பு குரோமைட்டைப் பற்றி "பெற்றபடியே பயன்படுத்தப்பட்டது" என்று போட்டிருக்கிறது.

நாளைக்கு இரண்டையும் ஒடுக்கி நானே ஓட்டிப் பார்க்கிறேன்.